சுகர் மெஷின் மாதிரி கிருமிக்கு ஒரு மெஷின் கிடையாதா?

கேள்வி: கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். எட்டுக் கறவை மாடு, நாலு வெள்ளாடு. தை மாசம் ஒரு மாடு ஏழு மாசத்தில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழாமல் நின்றதால் வீட்டுக்காரர்தான் கையை விட்டு எடுத்தார். மூணு வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், ராத்திரி வேர்த்துக் கொட்டும், காலையில் ஒன்றும் இருக்காது. இடுப்பு வலி வேறு. பக்கத்தில் ரத்தம் பார்த்து டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். குறைந்தது, மறுபடி வந்தது. இப்படியே ஒன்றரை மாசம். கடைசியில் கோயமுத்தூரில் ரத்தம் எடுத்து வைத்து ஆறாம் நாள் ‘புருசெல்லா’ என்றார்கள். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் ஆள் தெளிந்துவிட்டார். இனி மாத்திரை வேண்டாம் என்கிறார். சுகர் பார்க்க ஒரு சொட்டு ரத்தம், அஞ்சு நொடி போதும். கிருமியைப் பார்க்க மட்டும் ஏன் ஆறு நாள்? எங்கள் பால் சொசைட்டிக்கு ஒருவர் ‘பயோசென்சார்’ மெஷின் கொண்டுவந்து காட்டினார். பாலில் எந்தக் கிருமி இருந்தாலும் பத்து நிமிஷத்தில் சொல்லுமாம், 95 சதவீதம் சரியாக இருக்குமாம். வாங்கலாமா? மகள் ஆறு மாசக் கர்ப்பம், எங்களோடுதான் இருக்கிறாள். பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மெஷினுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாத்திரை. தயவுசெய்து நிறுத்தவிடாதீர்கள். புருசெல்லா ஆடு மாட்டிடமிருந்து நமக்கு வரும் கிருமி. அது ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். மருந்து அங்கே போய்ச் சேர்ந்து வேலை செய்ய நாளாகும். அதனால்தான் இரண்டு மருந்து சேர்த்து, குறைந்தது ஆறு வாரம் கொடுக்கிறோம். பத்தாம் நாள் ஆள் தெளிந்தார் என்றால் மருந்து சரியானது என்று மட்டுமே அர்த்தம், கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. நடுவில் விட்டவர்களுக்கு அது திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். இடுப்பு வலி இன்னும் இருக்கிறதா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இந்தக் கிருமிக்கு முதுகெலும்பில் போய் உட்காரும் பழக்கம் உண்டு. அங்கே இருந்தால் ஆறு வாரமும் போதாது.

மகளை இந்த வாரமே அவர் பார்க்கும் பிரசவ டாக்டரிடம் கூட்டிப் போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும் போங்கள். ‘அப்பாவுக்குப் புருசெல்லா, வீட்டில் மாடு கன்று வீசியது, நான் பச்சைப்பால் குடித்தேன் அல்லது குடிக்கவில்லை’ என்று மூன்றையும் சொல்லச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். கர்ப்பத்தில் இந்தக் கிருமி இருந்தால் கரு தங்காமல் போகும் ஆபத்து உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியம் இருக்கிறது. ஆனால் அப்பாவின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் டாக்ஸிசைக்ளின் இருக்கும், அது கர்ப்பிணிக்கு ஆகாது. மாடுகளைப் பரிசோதித்து முடிக்கும் வரை மகள் கட்டுத்தரைப் பக்கம் போக வேண்டாம். அப்பாவைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவது மிக மிக அபூர்வம். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அவர் மனதை நோகடிக்காதீர்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. 26 வருஷமாக நுண்ணுயிர் லேபில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளியின் வீட்டார் ஏதாவது ஒரு விதத்தில் இதைக் கேட்காத வாரமே இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

சுகர் மெஷினும் ஒரு பயோசென்சார்தான். உலகத்தில் அதிகமாக விற்கும் பயோசென்சாரே அதுதான். லீலண்ட் கிளார்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962இல் இந்த வழியைக் காட்டினார். ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியையோ அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றையோ பூசியிருப்பார்கள். அதற்குக் குளுக்கோஸ்தான் தெரியும். குளுக்கோஸ் வந்து சேர்ந்ததும் வேதிவினை நடக்கும், அதில் கிளம்பும் எலெக்ட்ரான்கள் கம்பி வழியாக மெஷினுக்குப் போகும், மெஷின் அந்த மின்சாரத்தை அளந்து எண்ணாகக் காட்டும். ஆளை அடையாளம் காண ஒரு பொருள், அதைச் சமிக்ஞையாக மாற்ற ஒரு பாகம், படித்துச் சொல்ல ஒரு பெட்டி. எந்தப் பயோசென்சாரைப் பிரித்தாலும் இந்த மூன்றுதான் இருக்கும். கிருமி என்றால் நொதிக்குப் பதில் அந்தக் கிருமியை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியையோ, அதன் டி.என்.ஏ.வோடு ஒட்டும் ஒரு துண்டையோ, அந்தக் கிருமியைத் தேடிப் போய்த் தாக்கும் வைரஸையோ வைப்பார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு சொட்டில் முடியவில்லை? எண்ணிக்கைதான் காரணம். சுகர் ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர்கூட இருக்காது, அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சுகர் 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மைக்ரோலிட்டருக்குள் இருக்கும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் சுமார் 3,000 லட்சம் கோடி. எந்த விரலில் குத்தினாலும், எந்தச் சொட்டை எடுத்தாலும் குளுக்கோஸ் அதில் இல்லாமல் போகாது.

ரத்தத்தில் கிருமி அப்படி இல்லை. டைபாய்டு காய்ச்சலில் ஆள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பார். ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு மில்லிக்கு ஒரே ஒரு கிருமி இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. புருசெல்லாவும் அப்படித்தான், கொஞ்சமாகவே இருக்கும். ஒரு மில்லியை அந்த ஸ்ட்ரிப் உறிஞ்சும் அளவில் ஆயிரம் சொட்டாகப் பிரித்தால் ஒரே ஒரு சொட்டில்தான் கிருமி இருக்கிறது. மற்ற 999 சொட்டை எவ்வளவு உசத்தியான மெஷினில் வைத்தாலும் ‘இல்லை’ என்றுதான் வரும். மெஷின் பொய் சொல்லவில்லை, அந்தச் சொட்டில் நிஜமாகவே இல்லை. ஈரோடு மஞ்சள் மண்டியில் ஆயிரம் மூட்டை அடுக்கியிருக்கிறது, அதில் ஒரே ஒரு மூட்டையில் புழு. ஒரு மூட்டையில் மட்டும் குத்தூசி போட்டுப் பார்த்துவிட்டு மொத்தச் சரக்கும் சுத்தம் என்று யாராவது விலை பேசுவார்களா?

அதனால்தான் சொட்டை விட்டுவிட்டுப் பாட்டிலுக்குப் போகிறோம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி, அதுவும் இரண்டு மூன்று பாட்டில். ‘இவ்வளவு ரத்தமா’ என்று கேட்காதவர்கள் கிடையாது. பாட்டிலுக்குள் கிருமிக்குப் பிடித்த சாப்பாடு இருக்கிறது. உள்ளே போனது ஒன்றோ இரண்டோ என்றாலும் அங்கே தின்று, பெருகி, கோடிக்கணக்காகும். பெருகும்போது கார்பன் டை ஆக்சைடு விடும். நாங்கள் வைத்திருக்கும் வகைப் பாட்டிலின் அடியில் வட்டமாக ஒரு சாம்பல் பச்சைத் தகடு இருக்கும். வாயு ஏற ஏற அது மஞ்சளாக மாறும். மெஷின் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதன் மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாற்றம் தெரிந்த நிமிஷம் மணி அடிக்கும், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சரி. ஆக, கோயமுத்தூரில் உங்கள் வீட்டுக்காரரின் கிருமியை முதலில் பார்த்ததும் பெரும்பாலும் இப்படி ஒரு சென்சாராகத்தான் இருக்கும். ஆறு நாள் எடுத்தது சென்சார் இல்லை, கிருமி. குடலில் இருக்கும் ஈ.கோலி என்ற கிருமி நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிஷத்தில் இரட்டிப்பாகும். புருசெல்லாவுக்கு மணிக்கணக்காகும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு ரத்தம் எடுத்தால் பாட்டிலுக்குள் மருந்தும் சேர்ந்தே வருகிறது. இருந்த ஒன்றிரண்டு கிருமியும் வளராது. ‘கிருமி இல்லை’ என்று ரிப்போர்ட் வரும், காய்ச்சல் மட்டும் இருக்கும். நாள்பட்ட காய்ச்சல் என்றால் முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு, அதாவது இப்படிப் பாட்டிலில் வளர்த்துப் பார்க்க, ரத்தம் எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தவறே இல்லை. ஆள் மயங்கி, மூச்சு வாங்கி, நிலைமை மோசமாக இருந்தால் மட்டும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் டைபாய்டு என்றார்களே, அது அநேகமாக வைடால் பரிசோதனையாக இருக்கும். 1896இல் வந்தது. அது கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைப் பார்க்கிறது. நம் ஊரில் எப்போதோ வந்துபோன டைபாய்டுக்கும், போட்ட தடுப்பூசிக்கும்கூட அது ஓரளவு காட்டும். ஒரே ஒரு தடவை எடுத்த வைடாலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஊசி போடுவது எனக்கு ஒப்புதலே இல்லை. அலை அலையாக ஏறி இறங்குவது புருசெல்லா காய்ச்சலின் குணம். ஊசியால்தான் குறைகிறது என்று நம்பிவிடத் தோன்றும்.

எந்த மெஷினுக்கும் முன்னால் உங்கள் வீட்டில் தகவல் சொன்னது அந்த மாடு. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னும் இருக்கின்றன, பார்த்திருப்பீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே பிளேக் அடித்த காலத்தில் வீட்டுக்குள் எலி செத்து விழுந்தாலே ஊரைக் காலி செய்துவிட்டுத் தோட்டங்காட்டில் குடிசை போட்டார்கள். பிளேக் கிருமியை யெர்சின் என்ற விஞ்ஞானி 1894லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் நம் ஊர்க்காரருக்கு லேபும் இல்லை, மைக்ராஸ்கோப்பும் இல்லை. எலியைப் பார்த்து முடிவெடுத்தார்கள், நிறையப் பேர் பிழைத்தார்கள். ‘கன்று வீச்சு நோய்’ என்று நம் கால்நடை டாக்டர்கள் சொல்வது இதே புருசெல்லாவைத்தான். ஏழு மாசத்தில் கன்று வீசியது, கொடி நின்றது, கையுறை இல்லாமல் எடுத்தார், மூன்று வாரத்தில் காய்ச்சல். முதல் டாக்டரிடம் இந்த வரிசையைச் சொல்லியிருந்தால் ஒன்றரை மாசம் போயிருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. மாட்டுக்கு வந்ததை மனுஷ டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? டாக்டர்தான் கேட்டிருக்க வேண்டும்.

லேபுக்கும் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஒரு லேபுக்கு ஓர் இளைஞரின் பாட்டில் வந்தது. சீட்டில் ‘காய்ச்சல்’ என்று ஒரே வார்த்தை. மூன்றாம் நாள் கிருமி வளர்க்கும் தட்டில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்னப் புள்ளிகள். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மெல்லிய மணலைத் தூவிவிட்டதுபோல் வெளிர் சிவப்பில் தெரிந்தது. அதற்குள் தட்டைத் திறந்த மேஜையில் வைத்து இரண்டு பேர் கையாண்டுவிட்டோம். புருசெல்லா காற்றில் எழும்பி மூச்சு வழியாகவே தொற்றும், லேப் ஆட்களுக்கு வரும் நோய்களில் பேர்பெற்றது. இரண்டு பேரும் வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டோம். அந்தப் பையன் ஆடு மேய்ப்பவன் என்று பிறகுதான் தெரிந்தது. ‘ஆடு மாடு வைத்திருப்பவர், புருசெல்லா சந்தேகம்’ என்று சீட்டில் எழுதியிருந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து வேலை செய்திருப்போம். பாட்டிலையும் கூடுதல் நாள் வைத்திருப்போம்.

அப்படியானால் வேகமான சென்சாரால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. கிருமியோ அதன் துணுக்கோ நிறைய இருக்கும் இடத்தில் அருமையாக வேலை செய்கிறது. மலேரியா கார்டில் வரும் சிவப்புக் கோடு அப்படித்தான். ஆன்டிபாடியோடு ஒட்டிய நுண்ணிய தங்கத் துகள்கள் ஒரே கோட்டில் கூடுவதால் வரும் நிறம் அது. கொரோனா காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததும் அதே வகை. சிறுநீர்த் தொற்றில் ஒரு மில்லிக்கு லட்சம் கிருமிகூட இருக்கும், அங்கே சென்சாருக்கு வேலை சுலபம். காசநோயில் பெரிய மாற்றமே வந்துவிட்டது. சளியை வளர்த்துப் பார்க்க ஆறு வாரம், எட்டு வாரம் ஆன காலத்தை நானே பார்த்திருக்கிறேன். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பெர்ட் என்ற மெஷினை ஏற்றுக்கொண்டது. கிருமியின் மரபணுவைப் பல மடங்கு பெருக்கி, இரண்டு மணி நேரத்தில் காசநோய் உண்டா, ரிஃபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்று சொல்கிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற இதே வகை மெஷின் பேட்டரியிலேயே ஓடும், சின்ன ஆஸ்பத்திரியிலும் வைக்கலாம். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். பெருக்கிய பிறகுதான் பார்க்கிறது. ரத்தத்துக்கு வேலை செய்யும் ஆராய்ச்சியாளர்களும் இந்த வழியில்தான் போகிறார்கள். பத்து மில்லி ரத்தத்தில் நுண்ணிய காந்த மணிகளைக் கலந்து, கிருமியை அதில் ஒட்டவைத்து, காந்தத்தால் ஓரிடத்தில் திரட்டி, அப்புறம் சென்சாருக்குக் கொடுப்பது. அது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வரும் நாளை நானும் எதிர்பார்க்கிறேன். அப்போதும் எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று முழுதாகத் தெரிய, உயிருள்ள கிருமி கையில் வேண்டும்.

இப்போது சொசைட்டி மெஷின். ‘எந்தக் கிருமி இருந்தாலும் காட்டும்’ என்ற பேச்சே எனக்கு இடிக்கிறது. சுத்தமாகக் கறந்த நல்ல பாலிலும் மில்லிக்கு ஆயிரக்கணக்கில் சாதாரணக் கிருமிகள் இருக்கும். எல்லாவற்றையும் காட்டும் மெஷின் எல்லாப் பாலையும் கெட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் கேளுங்கள்: இது எந்தக் கிருமியின் பேரைச் சொல்லும்? மில்லிக்குக் குறைந்தது எத்தனை இருந்தால் தெரியும்? சோதித்தது பாலிலா, உப்புத் தண்ணீரிலா? பாலின் கொழுப்பும் புரதமும் சென்சார் மேல் படிந்து அதன் கண்ணை மறைத்துவிடும், தண்ணீரில் ஜோராக வேலை செய்தது பாலில் படுத்துவிடும். ஸ்ட்ரிப்பை எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஆன்டிபாடி ஒரு புரதம். சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடந்தால் அது வீணாகும், மெஷினோ எதுவும் நடக்காததுபோல் எண் காட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்த 95 சதவீதம். உங்கள் சொசைட்டிக்கு 300 பேர் பால் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே நோயுள்ள மாடு மூன்று வீட்டில். நோய் இல்லாத 297 வீட்டில் 5 சதவீதம் தப்பாகக் காட்டினால் ஏறக்குறைய 15 வீடு. மூன்று பேரைப் பிடிக்க 15 பேரின் கேனைத் திருப்பி அனுப்புவீர்கள், அதுவும் ஊர் பார்க்க. மறுநாள் அந்த 15 வீட்டார் உங்கள் முகத்தில் விழிப்பார்களா? முதல் சோதனையில் சிக்கியதை இன்னொரு வழியில் உறுதி செய்ய ஏற்பாடு இல்லாமல் எந்த மெஷினையும் வாங்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது ரொம்பப் பழைய, ரொம்ப மலிவான ஒன்று: பால் வளையச் சோதனை. காய்ச்சாத பசும்பால் ஒரு மில்லியில், நீலச் சாயம் ஏற்றிய செத்த புருசெல்லா கரைசல் ஒரு சொட்டு. கலக்கி, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பார்கள். பாலில் புருசெல்லாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அது நீலத் துகள்களைப் பிடித்துக்கொண்டு வெண்ணெயோடு மேலே ஏறும். குழாயின் வாயில் நீல வளையம், கீழே வெள்ளைப் பால். இல்லாவிட்டால் மேலே ஏடு வெள்ளையாகவும் கீழே பால் நீலமாகவும் நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். கால்நடைத் துறை டாக்டரிடம் சொல்லி, பல வீட்டுப் பால் சேர்ந்த கேன் பாலை முதலில் பாருங்கள். வளையம் வந்த கேனுக்கு ஊற்றிய வீடுகளை மட்டும் அடுத்துப் பார்த்தால் போதும். மடிநோய் உள்ள மாடு, சீம்பால், வற்றப்போகும் பால் இவற்றில் பொய் வளையம் வரும். அதனால் வளையம் வந்த மாட்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்த பிறகே பேச வேண்டும். வெள்ளாட்டுப் பாலுக்கு இது சரிப்படாது, உங்கள் நாலு ஆட்டுக்கும் நேராக ரத்தமே எடுக்கச் சொல்லுங்கள். ஆட்டிலிருந்து வரும் வகை மனிதரை இன்னும் கடுமையாகப் படுத்தும்.

கன்று வீசிய அந்த மாட்டை, பரிசோதனை முடியும் முன் தயவுசெய்து சந்தைக்கு ஓட்டிவிடாதீர்கள். போட்ட பணம் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், என் பிறந்த வீடும் மாட்டை நம்பிய வீடுதான். ஆனால் அது போகும் கட்டுத்தரையிலும் ஒரு கர்ப்பிணி இருக்கலாம். கால்நடை டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள். நாலு மாசத்திலிருந்து எட்டு மாசத்துக்குள் இருக்கும் கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆயுளுக்கு ஒருமுறை போட்டால் போதும். அரசுத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியில் செய்த ஊசி, டாக்டர்தான் போட வேண்டும், நீங்கள் வாங்கி வந்து போடக் கூடாது. இனி எந்த மாடு கன்று வீசினாலும் கையுறை போடாமல் தொட வேண்டாம். கொடியையும் கருவையும் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், நாய் தோண்டக் கூடாது. பாலைப் பொங்கக் காய்ச்சினால் புருசெல்லா செத்துவிடும். கறந்த சூட்டோடு பச்சைப்பால் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், இந்த ஒன்றரை மாசக் கதையைச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் மாத்திரை ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து 42 நாள் எண்ணி இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த இரண்டாவது வட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவரை டாக்டரிடம் கூட்டிப் போய், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று காட்டுங்கள். நிறுத்தலாமா, இன்னும் நீட்டலாமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.